ஃபேண்டம் பவர்: 48 வோல்ட் எந்த வழியில் போகிறது, எந்த வழியில் திரும்புகிறது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஒரு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் சர்க்யூட்) கட்ட சர்க்யூட் படம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று பின் மைக் சாக்கெட்டை ஒட்டி, 48 வோல்ட் லைனிலிருந்து இரண்டு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இறங்குகின்றன. அடுத்து இரண்டு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள், இரண்டு பொடி ரெசிஸ்டர்கள், நான்கு டையோடுகள், அதற்கப்புறம்தான் ஆம்ப்ளிஃபையர். மைக்குக்குத் தேவையான மின்சாரத்தை அதன் ஆடியோ கேபிளிலேயே அனுப்புவதுதான் ஃபேண்டம் பவர். ஆடியோ போகிற அதே கம்பியில் 48 வோல்ட்டை ஏற்றினால் ஆடியோ எப்படிப் பிழைக்கிறது? இந்தப் பாகங்களில் எதையாவது விட்டுவிடலாமா? 48-க்குப் பதில் கையில் இருக்கும் 24 வோல்ட் சப்ளையைக் கொடுத்தால் என்ன? இப்போது வைத்திருக்கும் மிக்சரில் கண்டென்சர் மைக்கை (இயங்க மின்சாரம் வேண்டிய வகை) சொருகியதும் மீட்டர் 38 வோல்ட்தான் காட்டுகிறது, அது பழுதா? மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் மாட்டியிருக்கும்போது ஃபேண்டம் பட்டன் அழுந்திவிட்டால் மைக் போய்விடுமா? இவைதான் உங்கள் சந்தேகங்கள்.

பல வருடங்களாக மிக்சரும் ப்ரீஆம்பும் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவை ஐந்தும் ஒரே கேள்விதான். கரண்ட் எந்த வழியில் போய் எந்த வழியில் திரும்புகிறது என்பதே அது. எல்லோரும் 48 என்ற எண்ணைப் பார்த்து மிரள்கிறார்கள். இந்த சர்க்யூட்டில் பயப்பட வேண்டிய இடம் அது இல்லை.

வழியைப் பார்ப்போம். சப்ளையிலிருந்து வரும் 48 வோல்ட் இரண்டாகப் பிரிந்து, ஒரு 6.8 கிலோஓம் வழியாகப் பின் 2-க்கும் இன்னொன்று வழியாகப் பின் 3-க்கும் போகிறது. மைக் இரண்டிலிருந்தும் சமமாகக் கரண்ட் எடுத்துக்கொள்கிறது. திரும்பும் பாதை பின் 1, அதாவது கேபிளின் ஷீல்டு. ஆக, பின் 1-இலிருந்து அளந்தால் 2-லும் 3-லும் 48 வோல்ட் இருக்கும். 2-க்கும் 3-க்கும் நடுவில் அளந்தால் பூஜ்யம். மைக்கின் ஆடியோ இதற்கு நேர்மாறானது: பின் 2 ஏறும்போது பின் 3 இறங்குகிறது. ப்ரீஆம்பின் முதல் கட்டம் செய்வது கழித்தல் மட்டுமே. 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பெரிதாக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதைத் தள்ளிவிடும். தெப்பத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். தண்ணீர் ஏறினால் இருவரும் சேர்ந்துதான் உயர்வார்கள், அவர்களுக்குள் உள்ள உயர வித்தியாசம் மாறாது. 48 வோல்ட் அந்தத் தண்ணீர். இந்தச் சமம் இருக்கும்வரை ஃபேண்டம் பவர் ஆடியோவின் கண்ணில் படாது. அது குலைகிற இடத்தில்தான் எல்லாத் தொல்லையும் ஆரம்பம்.

அடுத்து அந்த 6.8 கிலோஓம். என்னைக் கேட்டால் 48-ஐ விட முக்கியமான எண் இதுதான். 48 வோல்ட்டை நேராக இரண்டு பின்களிலும் கட்டினால் சப்ளையே 2-ஐயும் 3-ஐயும் ஒன்றாக ஷார்ட் செய்துவிடும், ஆடியோ செத்துப்போகும். ரெசிஸ்டர்கள் இருப்பதால் மைக்கின் பார்வையில் 2-க்கும் 3-க்கும் நடுவே 13.6 கிலோஓம் மட்டுமே தொங்குகிறது. 150 ஓம் மைக்குக்கு அது பாரமே இல்லை. அதனால் கூடும் இரைச்சலும் 0.05 டெசிபல் அளவுதான். இன்னொரு வேலை, கரண்டுக்குக் கடிவாளம் போடுவது. ஒரு பின்னை அப்படியே கிரவுண்டில் தொட்டாலும் 48-ஐ 6800-ஆல் வகுத்தால் வருகிற 7 மில்லிஆம்பியர்தான் ஓடும்; இரண்டையும் தொட்டால் 14. சப்ளை எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ரெசிஸ்டர் வழியே அதற்கு மேல் வராது.

இதிலிருந்தே உங்கள் 38 வோல்ட்டுக்குப் பதில் கிடைக்கிறது. மைக்கைப் பொறுத்தவரை இரண்டு 6.8 கிலோஓமும் பேரலலில் இருப்பதால் 3.4 கிலோஓம். மைக் எடுக்கும் ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் 3.4 வோல்ட் குறையும். 38 காட்டுகிறது என்றால் 10 வோல்ட் விழுந்திருக்கிறது, அதாவது உங்கள் மைக் சுமார் 3 மில்லிஆம்பியர் எடுக்கிறது. சர்வசாதாரணம், பழுதில்லை. 10 மில்லிஆம்பியர் எடுக்கிற மைக்கில் 14 வோல்ட்தான் மிஞ்சும், அதுவும் விதிக்கு உட்பட்டதே. 48 என்பது மைக் இல்லாமல் அளக்கும்போது இருக்க வேண்டிய எண். அதிலும் 44 முதல் 52 வரை ஏற்றுக்கொள்ளத்தக்கது. மைக்கைக் கழற்றிவிட்டு அளந்தும் 38-தான் வந்தால் அப்போது சப்ளையைச் சந்தேகியுங்கள்.

இந்த எண்கள் யாரோ வசதிக்காகப் பிடித்தவை அல்ல. 1966 வாக்கில் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்காக கேஎம் 84 மைக்கைச் செய்தபோது, அந்த ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். அப்புறம் அது ஜெர்மனியின் டிஐஎன் 45596 தரத்துக்குள் வந்தது, இன்றைக்கு ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரத்தில் இருக்கிறது. அதே தரத்தில் 24 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் இடம் உண்டு, ஆனால் ரெசிஸ்டர் வேறு: 24-க்கு 1.2 கிலோஓம், 12-க்கு 680 ஓம். கவனிக்க வேண்டியது இதுதான். 24 வோல்ட் சப்ளையோடு 6.8 கிலோஓம் போட்டு 3 மில்லிஆம்பியர் மைக்கை மாட்டினால் அதற்குக் கிடைப்பது 14 வோல்ட் கூட இல்லை. சில மைக்குகள் அதிலும் பேசும், ஆனால் சத்தம் கூடும்போது ஒலி சீக்கிரம் சிதைந்துவிடும். 24 வோல்ட்டும் 1.2 கிலோஓமும் போட்டால் அது முறையான 24 வோல்ட் ஃபேண்டம், ஆனால் 48 மட்டுமே கேட்கிற மைக்குகளுக்கு அது போதாமல் போகலாம். மாற்றிப் போடுவது இன்னும் மோசம். 48 வோல்ட்டோடு 1.2 கிலோஓம் இருந்தால், ஷார்ட் ஆகும்போது ஒவ்வொரு ரெசிஸ்டரும் 1.9 வாட் சூடாகும். எனவே என் யோசனை, 48-ஐயே செய்துகொள்ளுங்கள். அது அவ்வளவு கஷ்டமில்லை, கீழே வருகிறேன்.

ரெசிஸ்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியது 6.8 சரியாக இருக்கிறதா என்பதைவிட, இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதைத்தான். மதிப்பு கொஞ்சம் முன்பின் போனால் ஒன்றும் ஆகாது; இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள், அதாவது 27 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது தரம். 1 சதவீத ரெசிஸ்டர் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போனால் வித்தியாசம் 2 சதவீதம், 136 ஓம். அப்படி இருந்தால் என்ன நடக்கும்? கேபிளில் இரண்டு கம்பிகளிலும் சமமாக ஏறிய ஹம் (மின்லைனின் ரீங்காரம்), இந்த வித்தியாசத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆடியோவாக மாறும். மைக்கின் ஒவ்வொரு காலும் 75 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஹம்மைத் தள்ளும் திறன் 73 டெசிபல் அளவிலேயே நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மைக்கில் இன்னொரு தொல்லை: 3 மில்லிஆம்பியர் எடுக்கிற மைக்கில் இரண்டு பாதி வைண்டிங்குகளுக்கும் இடையே 30 மைக்ரோஆம்பியர் வித்தியாசம் நிற்கும். அது டிரான்ஸ்ஃபார்மரின் சின்ன உட்கருவைக் காந்தமாக்கி, பாஸ் (தாழ்ந்த ஒலி) பக்கத்தில் சிதைவைக் கூட்டலாம். தீர்வு எளிது. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒரு கைப்பிடி வாங்கி, ஒரே மல்டிமீட்டரால் அளந்து, சில ஓமுக்குள் ஒத்துப்போகும் ஜோடிகளைப் பொறுக்குங்கள். மீட்டர் கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் பாதகமில்லை, இரண்டுக்கும் ஒரே தப்பைத்தானே காட்டும். 0.1 சதவீதத்தில் கிடைத்தால் அந்த வேலையும் மிச்சம். வாட் விஷயம்: ஷார்ட்டில் 0.34 வாட் வரும், கால் வாட் ரெசிஸ்டர் வறுபடும். அரை வாட் போடுங்கள். பழுதுக்கு வரும் மிக்சர்களில் இந்த இரண்டு ரெசிஸ்டர்களின் அடியில் போர்டு கறுத்துப்போயிருப்பதைப் பார்க்கலாம். யாரோ பின் 3-ஐப் பின் 1-ஓடு சேர்த்த அன்பேலன்ஸ்டு கேபிளைச் சொருகி நாள் முழுக்க ஃபேண்டத்தை விட்டு வைத்ததன் அடையாளம் அது.

கெபாசிட்டர்களுக்கு வருவோம். மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், ஆம்ப்ளிஃபையருக்கு அது ஆகாது. நடுவில் டிசியை நிறுத்தி ஆடியோவை மட்டும் விடுவதுதான் அவற்றின் வேலை. உள்ளீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் இவை தேவையே இல்லை. வைண்டிங்கின் இரண்டு முனையிலும் ஒரே 48 இருப்பதால் அதன் வழியே டிசி ஓடாது. மறுபக்கம் தானாகவே பிரிந்திருக்கிறது. உங்கள் படத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, ஆகவே கெபாசிட்டர் கட்டாயம். மதிப்பு எவ்வளவு என்பது அதற்குப் பின்னால் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரைப் பொறுத்தது. அது 1.2 கிலோஓம் என்றால் 47 மைக்ரோஃபாரட்டோடு சேர்ந்து 3 ஹெர்ட்ஸுக்குச் சற்று கீழே வெட்டும், நல்லது. சிக்கனம் பார்த்து 4.7 போட்டால் வெட்டு 28 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பாஸ் குறைவது மட்டுமல்ல. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் 20 சதவீதம் வரை முன்பின் இருக்கக்கூடியவை, அந்த வித்தியாசம் ஹம் அலைவரிசையில் சமத்தைக் கெடுக்கும். மதிப்பு பெரிதாக இருந்தால் அந்த வித்தியாசம் ஆடியோவுக்குக் கீழே ஒதுங்கிவிடும். 63 வோல்ட் ரேட்டிங்குக்குக் குறையாமல் வாங்குங்கள்; 50 வோல்ட் போதும் என்று யாராவது சொன்னால், சப்ளை 52 வரை போகலாம் என்பதை நினைவுபடுத்துங்கள். பாசிட்டிவ் முனை மைக் பக்கம்.

பட்டனை அழுத்தியதும் வருகிற 'டப்' சத்தமும் இந்தக் கெபாசிட்டர்களால்தான். 6.8 கிலோஓமும் 1.2 கிலோஓமும் வழியாக 47 மைக்ரோஃபாரட் நிரம்ப ஏறக்குறைய 2 வினாடி ஆகும். இரண்டும் துல்லியமாக ஒரே வேகத்தில் நிரம்பாததால் அந்த வித்தியாசம் ஆடியோவாகக் கேட்கிறது. கெயினைக் குறைத்து, ஃபேடரை இறக்கி, பட்டனை அழுத்தி, பத்து வினாடி பொறுங்கள் என்று சொல்வது சடங்கு இல்லை.

இப்போது நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடம், அந்த டையோடுகள். பலரும் 'கட்டாயமில்லை' என்று முதலில் கழற்றுவது இதைத்தான். ஃபேண்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கெபாசிட்டரும் மைக் பக்கம் 48, ஆம்ப்ளிஃபையர் பக்கம் 0 என்று நிரம்பி உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஒரு கேபிளின் பின் 2 பின் 1-ஐத் தொட்டுவிடுகிறது என்று வையுங்கள். மைக் பக்கம் ஒரே கணத்தில் 0 ஆகிவிடும். கெபாசிட்டரின் வோல்டேஜ் ஒரே கணத்தில் மாறாது, அதனால் மறுபக்கம் மைனஸ் 48-க்குத் தள்ளப்படும். அது நேராக ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு டிரான்சிஸ்டரில் போய் மோதும். அந்த டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்திப்பு திருப்பு வோல்டேஜில் 5, 6 வோல்ட்டுக்கே பிளந்துவிடும். இதில் 6.8 கிலோஓமின் கடிவாளம் எதுவும் கிடையாது என்பதைப் பாருங்கள். சப்ளையிலிருந்து வருவது 7 மில்லிஆம்பியர்தான். நிரம்பிய கெபாசிட்டர் ஒரு கம்பி வழியாகக் கொட்டுவது பல ஆம்பியர்.

இதன் மோசமான பக்கம் என்னவென்றால், ப்ரீஆம்ப் உடனே சாவதில்லை. வேலை செய்துகொண்டே இருக்கும், இரைச்சல் மட்டும் கூடிவிடும். சேனல் 3 மட்டும் ஏன் மற்றவற்றைவிட 'ஹிஸ்' அடிக்கிறது என்று கேட்டுக் கொண்டுவரும் மிக்சர்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். அதனால்தான் படத்தில் ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் அப்புறம் 10 ஓம் மாதிரி ஒரு பொடி ரெசிஸ்டர், பிறகு ஆம்ப்ளிஃபையரின் பாசிட்டிவ் ரெயிலுக்கு (சப்ளை லைனுக்கு) ஒரு டையோடு, நெகட்டிவ் ரெயிலுக்கு ஒரு டையோடு. ரெயில் 15 வோல்ட் என்றால், டையோடு மைனஸ் 15.7-இல் பிடித்துக்கொள்ளும். மீதி 32 வோல்ட் 10 ஓமில் விழ, உச்சத்தில் 3 ஆம்பியருக்கு மேல் ஓடி சில மில்லிவினாடிகளுக்குள் தணிந்துவிடும். இந்த எண்ணைப் பார்த்தபிறகு 1என்4148 மாதிரி சின்ன சிக்னல் டையோடைப் போட மனசு வராது. 1என்4004 ஒரு கணம் 30 ஆம்பியர் தாங்கும், விலையும் பெரிசில்லை. இன்னொன்று, டையோடு பிடித்த சார்ஜ் ரெயிலுக்குள் போகிறது; சாதாரண ரெகுலேட்டர் அதை உறிஞ்சாது. எனவே ரெயிலில் அந்த இடத்துக்கு அருகில் சில நூறு மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். இருந்தும் இந்த டையோடு மைனஸ் 15.7-இல்தான் பிடிக்கிறது, டிரான்சிஸ்டர் 5 வோல்ட்டில் பிளக்கிறது என்ற முரண் மிச்சம் இருக்கிறதே என்று கேட்டால், சரியான கேள்வி. அதற்காகத்தான் பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே, திருப்பு வோல்டேஜைத் தடுக்கும் டையோடு ஒன்றைத் தனியாக வைப்பார்கள். மைக் ப்ரீஆம்புக்கென்றே வரும் சில ஐசிகளில் அது உள்ளேயே இருக்கும். உங்கள் ஐசியில் இருக்கிறதா என்பதை அதன் டேட்டாஷீட்டில் பாருங்கள். நீங்கள் எழுதிய வர்ணனையை மட்டும் வைத்து உங்கள் படம் பாதுகாப்பானதா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதே கணக்கிலிருந்து கைப்பழக்கம் ஒன்றும் வருகிறது. பட்டனைப் போடுவதும் அணைப்பதும் சர்க்யூட்டுக்கு ஆபத்தில்லை, ஏனென்றால் அப்போதெல்லாம் கெபாசிட்டர் 6.8 கிலோஓம் வழியாகத்தான் நிரம்பிக் காலியாகிறது. ஆபத்து, ஃபேண்டம் இருக்கும்போதே சொருகுவதிலும் பிடுங்குவதிலும்தான். எக்ஸ்எல்ஆரில் அது ஓரளவு சமாளிக்கும். பேட்ச்பேயில் (கேபிள்களை மாற்றி இணைக்கும் பலகையில்) வரும் கால் அங்குல ஸ்டீரியோ ஜாக்கில் நிச்சயம் தவிர்க்க வேண்டும். பிளக் உள்ளே போகும்போது அதன் முனை மற்ற தொடர்புகளை உரசிக்கொண்டே போவதால் ஒவ்வொரு முறையும் ஒரு ஷார்ட் நடக்கிறது.

சப்ளை பற்றிச் சுருக்கமாக. 48 வோல்ட்டுக்கு டிஎல்783 என்ற உயர் வோல்டேஜ் ரெகுலேட்டர் வசதியானது, 125 வோல்ட் வரை கொடுக்கக்கூடியது. சாதாரண எல்எம்317-ஐயும் போடுவார்கள். ஆனால் அதன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் வித்தியாசம் 40 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 48 லைன் ஷார்ட் ஆகும் அந்த ஒரு நாள் அது தாண்டிவிடும். ஒரு சேனலுக்கு 10 மில்லிஆம்பியர், எல்லாச் சேனலும் ஷார்ட் ஆனால் சேனலுக்கு 14 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பியில் ஓடும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் 5 வோல்ட்டை சுவிட்சிங் முறையில் 48 ஆக ஏற்றுகிறார்கள். பழைய யுஎஸ்பி போர்ட் தருவது மொத்தமே 2.5 வாட், இரண்டு மைக்குகள் 10 மில்லிஆம்பியர் எடுத்தால் அதில் 1 வாட்டுக்கு மேல், மாற்றும்போது வரும் நஷ்டத்தோடு சேர்த்து, ஃபேண்டத்துக்கே போய்விடும். எந்த வகையாக இருந்தாலும், 48 லைனில் ஒவ்வொரு சேனலுக்கும் 100 ஓமும் 47 மைக்ரோஃபாரட்டும் வைத்து வடிகட்டினால் ஒரு சேனலின் ஒலி இன்னொன்றில் கேட்பதும் குறையும், சப்ளையின் அலையும் அடங்கும். எஞ்சிய அலை இரண்டு கால்களிலும் சமமாக வருவதால் கழித்தலில் போய்விடும். எவ்வளவு போகும் என்பது மறுபடியும் அந்த ஜோடி ரெசிஸ்டர்களின் கையில்.

மைக்குகளுக்கு வருவோம். டைனமிக் மைக்கின் காயில் (கம்பிச் சுருள்) 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது, பின் 1-ஓடு அதற்குத் தொடர்பில்லை. இரு முனையிலும் 48 இருந்தால் காயிலில் கரண்ட் ஓட வழியே இல்லை. ஆக, 2, 3 இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுபோகும் ஒழுங்கான பேலன்ஸ்டு கேபிளில் ஒன்றும் ஆகாது. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். காயிலுக்குப் பதில் மெல்லிய உலோக ரிப்பன் வைத்த ரிப்பன் மைக்கும் தத்துவப்படி அப்படியே. அங்கே கேபிளில் 2 அல்லது 3 மட்டும் கிரவுண்டைத் தொட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் வழியாக 7 மில்லிஆம்பியர் பாயும், அந்த உதை மறுபக்கம் இருக்கும் மெல்லிய ரிப்பனை இழுக்கும். அது ரிப்பனைக் கெடுத்துவிடுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மைக்கின் வயதையும் ரிப்பனின் இழுவையையும் பொறுத்தது. நான் ரிப்பன் மைக்குள்ள சேனலில் ஃபேண்டத்தைப் போடுவதில்லை. உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஆக்டிவ் ரிப்பன் விதிவிலக்கு, அதற்கு ஃபேண்டம் வேண்டும். எலெக்ட்ரெட் மைக்கின் கேப்சூலில் சார்ஜ் நிரந்தரமாக இருக்கிறது. ஆனாலும் உள்ளே இருக்கும் எஃப்இடி என்ற டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் தேவை, அதனால் அதுவும் ஃபேண்டம் கேட்கும்.

உண்மையில் எதையாவது எரிக்க விரும்பினால் அன்பேலன்ஸ்டு கேபிள்தான் குறுக்குவழி. அதில் பின் 3 பின் 1-ஓடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின் 3-இன் ரெசிஸ்டர் 7 மில்லிஆம்பியரைத் தொடர்ந்து கிரவுண்டில் கொட்டிக்கொண்டிருக்க, பின் 2-இல் இருக்கும் 48 வோல்ட் நேராகக் கீபோர்டு, ஃபோன் போன்றவற்றின் வெளியீட்டில் போய் உட்காரும். அங்கே சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய ஃபிலிம் ஒலிப்பதிவு மைக்குகளில் வரும் டி-பவர் என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 12 வோல்ட்டை 2-க்கும் 3-க்கும் நடுவிலேயே கொடுக்கிறது. அதில் டைனமிக் மைக்கை மாட்டினால் காயில் வழியாகவே கரண்ட் போகும். கேமரா, லேப்டாப்பில் 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டில் வரும் சில வோல்ட் பிளக்-இன் பவரும் வேறு சமாச்சாரம்.

கட்டி முடித்ததும் அல்லது மிக்சரைச் சந்தேகிக்கும்போதும் செய்ய வேண்டிய சோதனை இது. மைக் இல்லாமல் பின் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் அளந்து பாருங்கள். 44 முதல் 52-க்குள் இருக்க வேண்டும், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு பின்னிலிருந்தும் பின் 1-க்கு ஒரு 2.7 கிலோஓம் கட்டி மறுபடி அளந்து பாருங்கள். இது 10 மில்லிஆம்பியர் மைக்கின் பாரத்துக்குச் சமம், இரண்டிலும் 13.6 வோல்ட் பக்கம் வந்தால் சப்ளையும் ரெசிஸ்டர்களும் நலம். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் சப்ளைக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் தனியாக விலகினால் அந்தப் பக்கத்து 6.8 கிலோஓமையோ, ஒழுகும் கெபாசிட்டரையோ பாருங்கள்.

இரைச்சலுக்குச் சோதனை வேறு. பின் 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒரு 150 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்த எக்ஸ்எல்ஆர் பிளக்கைச் சொருகி, கெயினை முழுக்க ஏற்றி, ஃபேண்டம் இல்லாமலும் போட்டும் கேளுங்கள். அணைத்தபோது அமைதி, போட்டால் 'படபட' என்று பொரிகிற சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டரின் கசிவுதான். புதிய அல்லது வெகுநாள் கிடந்த கெபாசிட்டர் என்றால் ஃபேண்டத்தை சில மணி நேரம் அப்படியே விட்டுவைத்துப் பாருங்கள், பல சமயம் தானே அடங்கும். அடங்காவிட்டால் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஃபேண்டம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே 'ஹிஸ்', அதுவும் பக்கத்துச் சேனலைவிடக் கூடுதல் என்றால் கெபாசிட்டரை விட்டுவிட்டு உள்ளீட்டு டிரான்சிஸ்டரையோ ஐசியையோ மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது டையோடுகள் நான்கும் உயிரோடு இருக்கின்றனவா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் புது ஐசியை வைக்க வேண்டும். பழையது அடிபட்ட அன்று டையோடும் சேர்ந்து உள்ளே அறுந்துபோயிருந்தால் புதியதற்கும் அதே கதி.